மாப்பிள்ளை போட்ட பதினாறு ஓட்டை

லிஃப்ட் மெக்கானிக்கின் மாமனார் போனில் பேசினால் அரை நிமிஷத்துக்கு மேல் போகாது. முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்பதைத் தவிர வேறு எதையும் உலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. கல்யாணமாகி இந்த நாலு வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவர் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் நிரம்பாது. மாப்பிள்ளையும் பேச்சில் சூரன் இல்லை. எதிரும் புதிருமாக உட்கார்ந்தால், "அப்புறம் மாமா" என்பான். "அப்புறம் என்ன மாப்பிள்ளை, நீங்கதான் சொல்லணும்" என்பார் அவர். அதோடு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில ஒரு சாமான் வரும். உங்க வீட்டு விலாசம்தான் குடுத்திருக்கேன். வாங்கி வச்சுக்குங்க."

"என்ன சாமான் மாமா?"

"வரும், பாருங்க. கொஞ்சம் நீளமா இருக்கும்."

அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

மறுநாள் அவன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் லாரி வந்து நின்றது. இரண்டு பேர் சேர்ந்து, அட்டை சுற்றிய ஒரு பொதியை இழுத்தார்கள். அது லாரிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. கேட்டுக்குள் நேராக நுழையாமல், சாய்த்து, திருப்பி, பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு தேய்ப்புத் தேய்த்து, கடைசியில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டில் கார் கிடையாது. ஒரு ஸ்கூட்டரும் ஓடாத வாஷிங் மெஷினும்தான் அங்கே குடியிருந்தன. அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் அவன் வாயில் பிரஷ்ஷோடு அட்டையைக் கிழித்தான்.

உள்ளே ஒரு படகு. பாசி நிறத்தில், பன்னிரண்டடி நீளத்தில், ஒரே ஒரு ஆள் உட்காருகிற பிளாஸ்டிக் படகு. நடுவில் துணி இருக்கை, பக்கவாட்டில் செருகிய துடுப்பு. மீன்பிடிக் கயாக் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான். கால் வைக்கிற இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, இருக்கைக்குப் பின்னால் இன்னொன்று. எண்ணினால் ஆறு ஓட்டை, ஒவ்வொன்றும் விரல் நுழைகிற அகலம். ஆறிலும் கொட்டகையின் சிமென்ட் தரை தெரிந்தது. மாமனார் ஏன் தனக்குப் படகு அனுப்ப வேண்டும், அதுவும் ஏன் ஓட்டைப் படகாக அனுப்ப வேண்டும் என்று ஒன்றும் விளங்காமல் நுரை வழிய நின்றான்.

அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் கிளம்பி, கைப்பையோடு வெளியே வந்தாள். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எங்கப்பாவா? இதையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். சின்ன வயதில் அவள் அழுது புரண்டு கேட்ட சைக்கிளையே வாங்கித் தராத மனிதர் அவர். போன மாதம் வந்திருந்தபோது மாப்பிள்ளைக்குத் தொந்தி விழுகிறது என்று அம்மா சொன்னதாகவும், ஒருவேளை அதற்காக இருக்கலாம் என்றும் ஒரு கணக்குப் போட்டாள். போகிற வழியில் அம்மாவுக்குப் போன் செய்து, அப்பா சமீபத்தில் ஏதாவது வாங்கினாரா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டும் பார்த்தாள்.

மாமியாரிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வாங்கி வந்து, நாலு நாள் தொட்டுவிட்டுப் பரணில் ஏற்றிய தொலைநோக்கி, உடற்பயிற்சிச் சைக்கிள், வாசிக்கத் தெரியாத மவுத் ஆர்கன் எல்லாவற்றையும் அந்த அம்மாள் வரிசையாக ஒப்பித்தார். இனிமேல் இந்த வாசப்படியைத் தாண்டி ஒரு சாமான் உள்ளே வந்தால் தான் தாண்டி வெளியே போய்விடுவதாகச் சொல்லியிருப்பதையும் சொன்னார். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் மாப்பிள்ளைக்குப் பரிசு அனுப்பியிருக்கிறார், இதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று மனைவி முடிவு கட்டினாள். அவனும் அதையே நம்பினான். வேறு எப்படி நம்புவது?

அன்று வேலையில், பதினோரு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கம்பி ரோப்புக்கு எண்ணெய் விடும்போது, கூட வேலை செய்கிறவனிடம் விஷயத்தைச் சொன்னான். கூட வேலை செய்கிறவனை எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், சட்டையைப் பார்த்தாலே காரணம் தெரியும். கிரீஸ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மாமனார் மாப்பிள்ளைக்குக் கட்டில் கொடுத்தால் வீட்டோடு இரு என்று அர்த்தம், படகு கொடுத்தால் எங்கேயாவது போய்ச் சேர் என்று அர்த்தம் என்றான். அதிலும் ஓட்டைப் படகு என்றால் அர்த்தம் இன்னும் தெளிவு என்றான். மெக்கானிக் சிரித்தான். ஆனாலும் உள்ளுக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் மாமனாருக்குப் போன் போட்டான். எதற்கு அனுப்பினீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தான். ஆனால் ஆசையாக ஒருவர் கொடுத்ததை எதற்கு என்று எப்படிக் கேட்பது?

"சாமான் வந்துடுச்சு மாமா. ரொம்ப சந்தோஷம்."

அந்தப் பக்கம் அவர், சந்தோஷமா என்று திருப்பிக் கேட்டார். பிறகு, "அடி கிடி படலையே?" என்றார்.

"இல்ல மாமா, பத்திரமா இருக்கு."

"சரி. பார்த்துக்குங்க."

பார்த்துக்கொள்ள வேண்டியது படகையா, தன்னையா, அவர் மகளையா என்று தெரியாமல் அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தூண்டில் கடையைத் தேடிப் போனான். கடைக்காரர் ஆறு ஓட்டைக் கதையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவை வடிகால், படகின் மேலே ஏறுகிற தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும், படகின் வயிறு தனியாக மூடித்தான் இருக்கும் என்று விளக்கினார். பிறகு, வெறும் படகில் போய் உட்கார்ந்தால் மீன் பிடிக்க முடியாது, கையில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத்தான் போகும், எல்லாவற்றையும் படகோடு பூட்டிவிட வேண்டும் என்றார். பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. எதற்காகப் படகு என்று தெரியாவிட்டாலும், ஒன்றை இன்னொன்றோடு தளராமல் பூட்டுவது அவனுக்குத் தெரிந்த வேலை. பரிசைக் கொட்டகையில் சும்மா போட்டுவைத்தால் மாமனார் என்ன நினைப்பார் என்ற கவலையும் இருந்தது. தூண்டில் தாங்கி, மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவி, துடுப்பை மாட்டும் கவ்வி, சாமான் வைக்கும் கிரேட் பெட்டி, நங்கூரக் கயிறு ஓடுவதற்கு இரண்டு கப்பி, எல்லாவற்றோடும் வீடு திரும்பினான்.

முதலில் பசை போட்டு ஒட்டிப் பார்த்தான். இரும்பையே பிடித்து நிறுத்துகிற பசை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு விரலால் நெம்பினான். தூண்டில் தாங்கி காய்ந்த பொருக்கு மாதிரி பெயர்ந்து கையோடு வந்தது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி ஒட்டினான், மறுபடியும் வந்தது. இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் பிடிக்காது, ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். சரி என்று ஓட்டை போடப் போனால் அடுத்த குழப்பம். ஸ்க்ரூவை மேலிருந்து விடலாம், கீழே நட்டை யார் பிடிப்பது? படகின் வயிற்றுக்குள் கை விட ஒரே ஒரு மூடி, அதுவும் முன்பக்கத்தில். தோள்வரை கையை விட்டும் பாதித் தூரம்தான் எட்டியது. நட்டு இல்லாமல் வெறும் ஸ்க்ரூவைப் பிளாஸ்டிக்கில் ஏற்றுவதா? லிஃப்ட் வேலையில் அப்படிச் செய்தவனைக் கூண்டு ஓடும் ஷாஃப்ட் பக்கமே விடமாட்டார்கள்.

அதற்கும் கடைக்காரரிடம் வழி இருந்தது. சின்ன ரப்பர் குப்பி மாதிரி ஒன்று, உள்ளே பித்தளை மரை. ஓட்டையில் செருகிவிட்டு மேலிருந்து ஸ்க்ரூவை முறுக்கினால், ரப்பர் உள்பக்கம் உப்பி ஓட்டையை அடைத்துக்கொண்டு கவ்விவிடும். நட்டும் அதுவே, வாஷரும் அதுவே, தண்ணீர் நுழையாமல் அடைப்பதும் அதுவே. மெக்கானிக் அதை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தான். இத்தனை வருஷம் இது தெரியாமல் இருந்தோமே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

முதல் ஓட்டைக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். புத்தம் புதுப் படகு, மாமனார் கொடுத்தது. பென்சிலால் குறி வைத்தான், அழித்தான், இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்து இரண்டு விரல் தள்ளி மறுபடி குறித்தான். டிரில்லை மெதுவாக ஓடவிட்டான். பாசி நிறச் சுருள் சுருண்டு எழுந்து மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. தூண்டில் தாங்கிக்கு நாலு, மீன் காட்டும் கருவிக்கு நாலு, முன்னும் பின்னும் கப்பிகளுக்கு இரண்டிரண்டாக நாலு, துடுப்புக் கவ்விக்கு இரண்டு, கிரேட்டைக் கட்டும் வளையங்களுக்கு இரண்டு. ஆக மொத்தம் பதினாறு. கை எட்டிய முன்பக்கக் கப்பிக்கு மட்டும் உள்ளே தகடு வைத்து லாக் நட்டே போட்டான். கிரேட்டை ரப்பர் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினான். அரை மணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடித்துவிட்டு, மூடியைத் திறந்து படகைச் சாய்த்தான். ஒரு சொட்டு விழவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. அதற்குள் மாமனார் ஒருநாள் போன் செய்து படகு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேலை நடக்கிறது மாமா என்றான். என்ன வேலை என்றார். நேரில் வந்து பார்த்தால்தான் தெரியும் என்று பெருமையாகச் சொல்லி வைத்தான்.

அவர் மறுநாளே வந்தார். கொட்டகைக்குள் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்லப் படகை நெருங்கி, விரலால் ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுக்கொண்டே போனார். அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

"இதெல்லாம் ஓட்டை போட்டா மாட்டியிருக்கீங்க?"

"ஆமா மாமா. பதினாறு. ஒண்ணுலயும் ஒழுகாது."

"ஒழுகாது" என்று அவர் திருப்பிச் சொன்னார். ஓடாத வாஷிங் மெஷின்மேல் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாப்பிட்டுப் போகச் சொன்னதற்கு, பசியில்லை என்று கிளம்பிவிட்டார்.

அவருக்குப் பிடிக்கவில்லையோ, அல்லது பிடித்துப்போய்ப் பேச்சு வரவில்லையோ, அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிக்காதவர் மறுபடி ஏன் வர வேண்டும்? அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து வந்தார். வந்து, மகளிடம் ஒரு வார்த்தை, பிறகு கொட்டகை. ஒருநாள் இருக்கையைப் பின்னால் தள்ள முடியுமா என்று கேட்டார். தனக்கு இதுவே சரியாக இருக்கிறது என்றான் மாப்பிள்ளை. அவருக்குக் கால் நீளம், மாப்பிள்ளைக்குக் குட்டை. அது அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை. இன்னொரு நாள், தூண்டில் வலது பக்கம்தான் இருக்க வேண்டுமா என்றார்.

"நான் வலது கைதானே மாமா."

"ஆமாமா. நீங்க வலது கை" என்று சொல்லிவிட்டு, இடது கையால் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம் என்று மனைவிக்கு அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. இருவரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். ஆசையாகக் கொடுத்த படகை மாப்பிள்ளை இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை, கொட்டகையில் வைத்து நோண்டிக்கொண்டே இருக்கிறார், அந்த வருத்தம்தான் என்று மனைவி கண்டுபிடித்தாள். அது அவனுக்கும் சரியாகப் பட்டது. உடனே போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு எடுத்துப் போகப் போவதாகவும், அவர் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொன்னான்.

"வரேன் மாப்பிள்ளை" என்றார் அவர். அந்தக் குரலில் அப்படியொரு வேகத்தை அவன் கேட்டதே இல்லை. "ஆறு மணிக்கு அங்க இருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்."

ஏரிக்குப் போவதற்கும் தான் நல்லா இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் மனசு குளிர்ந்தது.

கிரீஸ் தன் மச்சானுடைய சின்ன வேனில் படகை ஏற்றிக்கொண்டு வந்து, கரையில் இறக்கிவிட்டுப் போனான். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாடகைக் காரில் மாமனார் வந்து இறங்கினார். தலையில் விளிம்பு வைத்த தொப்பி, காலில் புது ஷூ, ஒரு கையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, இன்னொரு கையில் உறை போட்ட தூண்டில். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. படகு போதாதென்று இதையும் வாங்கி வந்திருக்கிறாரே. "எதுக்கு மாமா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த மிதவைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பிடித்தது. தூண்டிலையும் வாங்கி, வலது பக்கத் தாங்கியில் நிறுத்திப் பூட்டினான். அவருடைய இரண்டு கையும் நீட்டியது நீட்டியபடி காலியாக நின்றன. அவன் படகைத் தள்ளி, ஏறி உட்கார்ந்து, துடுப்பைப் போட்டுவிட்டான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. முதலில் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தது. பத்துத் துடுப்புக்குள் நேராகப் போக ஆரம்பித்தது. பதினாறு ஸ்க்ரூவில் ஒன்று அசையவில்லை, கப்பி ஓடியது, திரை எரிந்தது. இவ்வளவு நாளும் எதற்கென்று தெரியாமல் செய்த வேலையெல்லாம் காலுக்குக் கீழே உயிரோடு மிதந்தது. அவன் வாழ்க்கையில் மேலேயும் கீழேயும் போய் வந்திருக்கிறான். இப்படிப் பக்கவாட்டில் போனதில்லை. அனுப்பிய மனுஷருக்குத் தன் சந்தோஷத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கரைக்குக் கிட்டே திருப்பிக் கொண்டுவந்து, உடம்பை முழுசாகத் திருப்பிக் கையை உயர்த்தி ஆட்டினான்.

அடுத்த நொடி அவன் தண்ணீருக்குள் இருந்தான்.

இடுப்பளவு ஆழம்தான். மிதவைச் சட்டை அவனைத் தூக்கி மேலே போட்டது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே பார்த்தால், மாமனார் ஷூவோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். தொப்பி கழன்று பின்னால் மிதந்தது. முட்டி வலி என்று படியேற யோசிக்கிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் அவரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைத் தாண்டிப் போய்விட்டார்.

நேராகப் படகிடம் போனார். கவிழ்ந்து கிடந்ததைப் பக்கவாட்டில் பிடித்து ஒரே மூச்சில் புரட்டி நிமிர்த்தினார். தூண்டில் தாங்கியைத் தொட்டார், ஆட்டினார். திரையைத் துடைத்தார். கிரேட்டை இழுத்துப் பார்த்தார், மிதந்து போன துடுப்பை அதில் கட்டியிருந்த கயிற்றால் இழுத்துக் கவ்வியில் மாட்டினார்.

"ஒண்ணும் போகல" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"எனக்கும் ஒண்ணும் ஆகல மாமா."

"ம்" என்றார் திரும்பாமல். படகின் மூக்கைக் கரைப் பக்கம் திருப்பினார். பிறகு, "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"இது என்னோட படகு."

மெக்கானிக் நெஞ்சு நெகிழ்ந்து, "உங்களோடதுதான் மாமா. நீங்க குடுத்ததுதானே" என்றான்.

"குடுக்கல."

"வாங்கி வச்சுக்கச் சொன்னீங்களே."

"ஆமா. நான் வந்து எடுத்துக்கற வரைக்கும் வாங்கி வச்சுக்கச் சொன்னேன். எங்க வீட்டுக்கு வந்தா உங்க அத்தை என்னை வெளிய தள்ளிடுவா, அதனால உங்க வீட்டுக்கு அனுப்பினேன்."

அவன் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வச்சுக்குங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு அர்த்தமும் பொருந்தி உட்கார்ந்தது. அந்தத் தண்ணீர் அப்படியே தலைக்கு மேல் ஏறிவிடாதா என்றிருந்தது அவனுக்கு. அடுத்தவர் சாமானில், அதுவும் மாமனார் சாமானில், கேட்காமல் பதினாறு ஓட்டை. அவருடைய சட்டை வேறு தன் தொந்தியில் இறுகிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றப் போனான், கொக்கி விடவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"எப்படிச் சொல்றது? ரொம்ப சந்தோஷம்னு சொன்னீங்க." அவர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். வந்து பார்த்தா ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது."

இருவரும் இடுப்பளவு தண்ணீரில், படகுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். இங்கே பார்த்துக்கொள்ள ஜன்னல்கூட இல்லை. மன்னிப்புக் கேட்பதா, ஓட்டைகளை அடைத்துத் தருவதாகச் சொல்வதா, எதை முதலில் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர்தான், ஏரியைப் பார்த்துக்கொண்டே, ஆனால் வேலை சுத்தம் என்றார்.

மறுபடி வந்த கிரீஸின் வேனில் வீடு திரும்பினால், வாசலில் மாமியார் நின்றிருந்தார். கணவர் விடியுமுன் புது ஷூ போட்டுக்கொண்டு சொல்லாமல் கிளம்பிப் போனதிலிருந்து சந்தேகப்பட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வேனிலிருந்து இறங்கும் படகைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை நனைந்த கணவரைப் பார்த்தார். மாமனார் பேயறைந்த மாதிரி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமியார் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நேரே மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"யாரோட படகு இது?"

அவன் யோசிக்கவே இல்லை. "என்னோடது அத்தை" என்றான்.

"இவர் ஏன் நனைஞ்சிருக்கார்?"

"நான் கவுந்துட்டேன். என்னைக் காப்பாத்த இறங்கினார்."

அந்த அம்மாள் முகம் மாறிய விதத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. கணவரை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முட்டி வலியோடு, ஷூகூடக் கழற்றாமல் இறங்கினாரா என்று கேட்டுக்கொண்டே, அவரைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தானே துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினார். துண்டுக்கு நடுவிலிருந்து மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வை நன்றியா, வெட்கமா, கோபமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மத்தியானத்துக்குள் மாமியார் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்து, மாமனார் மாப்பிள்ளை உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொல்லி முடித்திருந்தார். ஒவ்வொரு போனிலும் ஏரி ஆழமாகிக்கொண்டே போனது. இனிமேல் மாப்பிள்ளை ஏரிக்குப் போனால் தனியாகப் போகக்கூடாது, கூட நீங்களும் போய்க் கரையில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கணவருக்கு உத்தரவும் போட்டார்.

எல்லாரும் போன பிறகு மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு, அப்படியானால் இப்போது அந்தப் படகு யாருடையது என்று கேட்டாள். வாங்கியவர் அவர். மாட்டியவன் இவன். அத்தையிடம் எல்லார் முன்னாலும் தன்னுடையது என்று சொல்லியாகிவிட்டது, அவரும் மறுக்கவில்லை. பொய் என்று தெரிந்துதான் அப்படிச் சொன்னான். ஆனால் சொல்லும்போது நெஞ்சில் ஒரு இடம் நிறைந்ததையும் அவனால் மறுக்க முடியவில்லை. தெரியலை என்றான்.

அடுத்த சனிக்கிழமை மாமனார் வந்தார். மாப்பிள்ளை எதுவும் சொல்லாமல் இடது பக்கத்துக்கு வாங்கி வைத்திருந்த இன்னொரு தாங்கியை எடுத்து முன்னால் வைத்தான். இருக்கையைப் பின்னால் தள்ளி, அவரை உட்காரச் சொல்லி, அவர் கை எட்டுகிற இடத்தில் அவரையே குறிக்கச் சொன்னான். டிரில்லையும் அவர் கையில் கொடுத்தான். பென்சில் குறிமேல் முனையை வைத்துக்கொண்டு அவர் வெகு நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, நீங்களே போடுங்க மாப்பிள்ளை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஏரியில் அவர் முதலில் இறங்கினார். மாப்பிள்ளை கரையில் அவருடைய பையும் போனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் டைம்கீப்பர் மாதிரிதான் துடுப்புப் போட்டார், ஒன்று பிசகாமல், அவசரப்படாமல். இடது தாங்கியில் தூண்டில் நிமிர்ந்து நின்றது. போன் அடித்தது. மாமியார்.

"அவர் எங்க? ஏன் நீங்க எடுக்கறீங்க?"

"இங்கதான் இருக்கார் அத்தை."

"நீங்க தண்ணியில இல்லையா?"

"இப்பதான் கரைக்கு வந்தேன்."

"அவர் உங்கமேல கண்ணு வச்சிருக்காரில்ல?"

ஏரியின் நடுவில் மாமனார் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரமாய்ப் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கிற உத்தேசமே அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"வச்சிருக்கார் அத்தை" என்றான் மெக்கானிக். போனை வைத்துவிட்டு, தன்னுடைய தொந்திக்குச் சேருகிற மாதிரி வாங்கிய புது மிதவைச் சட்டையை எடுத்து, வார்களை ஒவ்வொன்றாக இறுக்க ஆரம்பித்தான்.